ஆணியில் சாய்ந்து நின்ற முள்

"உங்க கொழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க, சிஸ்டர்?"

பத்து வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் தாய்மார்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்குப் புத்தகத்தில் விடை இருந்தது. மீதிக்கு ரெஜினா மேடத்திடம் விடை இருந்தது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடை கிடையாது. ஒரே ஒருமுறை விடை தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் நர்ஸிங் கல்லூரி மலரில் "ஓய்வு பெற்றவர் பக்கம்" என்று ஒரு பகுதி வரும். அதற்கு என்னைக் கேட்டபோது ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டாவது குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இதை ஓய்வு என்று சொல்ல ஐந்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்கும் வாய் வராது. ஆனால் கேட்டவள் திவ்யா. ஓசூர் கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருப்பவள், கல்லூரியில் என் ஜூனியர், மலருக்குக் கட்டுரை சேகரிப்பவளும் அவள்தான். போனில் இப்படிச் சொன்னாள்:

"அக்கா, நம்ம கிளினிக்குக்கு எலக்ட்ரானிக் வெயிட் மெஷின் வந்துடுச்சு. பழசை பழைய இரும்புக்குப் போடச் சொல்லிட்டாங்க. அதுல எதுக்குக்கா பின்பக்கம் பூரா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு? யாரைக் கேட்டாலும் 'மாலதி சிஸ்டரைக் கேளு'ன்னு சிரிக்கறாங்க."

அந்த ஸ்டிக்கர்களின் கதையைச் சொல்ல, என் படிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

சேலத்தில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, கல்யாணமாகி ஓசூர் வந்து, சில வருடம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் இருந்துவிட்டு, மகன் நவீனுக்கு ஒன்றரை வயதானபோது எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். பாடம், குழந்தை நல நர்ஸிங். கல்லூரி அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடகப் பக்கம் இருந்தது. எங்கள் துறைத் தலைவர் ரெஜினா மேடம் நாகர்கோவில்காரர், வெளிநாட்டில் சில வருடம் இருந்தவர். அங்கெல்லாம் நன்றாகப் படித்த ஒரு நர்ஸ் தானே குழந்தையைப் பரிசோதித்து, சாதாரண நோய்க்குத் தானே மருந்து சொல்லி, பெரிய நோய் என்றால் மட்டும் டாக்டரிடம் அனுப்புவாராம். நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர். "நம்ம ஊர்ல அந்த வேலை இன்னும் வரல. வேலை வரும்போது ஆள் இல்லாமப் போயிடக் கூடாது. நீங்க அதுக்கான ஆளா ஆயிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இல்லாத ஒரு வேலைக்காக நாங்கள் ஆறு பேர் படித்தோம்.

மாமியாருக்கு இதை விளக்க முடியவில்லை.

"முடிச்சா டாக்டரா?"

"இல்லங்க அத்தை."

"அப்ப நர்ஸுதானே? அது ஏற்கெனவே ஆயாச்சே."

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவியே" என்றார். பின்னாளில் அப்படியே நடந்தது.

இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எந்த நோயைப் படித்தேனோ அந்த நோய் அன்று மாலை என் மகனுக்கு இருந்தது. மூளைக் காய்ச்சல் பாடத்தன்று அவன் கழுத்தை எட்டு முறை குனிய வைத்துப் பார்த்தேன்; கடைசியில் என்னைக் கண்டாலே தானாகக் குனிய ஆரம்பித்தான். பல் முளைப்பதற்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே பணியில் இருந்த பழைய தோழியிடம் "மாலதி, நீ குழந்தைங்க வார்டுதானே?" என்று திட்டு வாங்கிக்கொண்டேன். ஒருநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என்ன பாடம்?"

"பிறவி இதயக் கோளாறு, மேடம்."

"அப்போ நீங்க நாளன்னிக்கு லீவு. இப்பவே எழுதிக் குடுத்துடுங்க."

என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் காலை ஏ ஷிஃப்ட் முடித்து வரும்போது நான் மாலை வகுப்புக்குப் பேருந்து ஏறுவேன். பேருந்து நிலையத்திலேயே குழந்தை கைமாறும். வார்டில் டியூட்டி மாறும்போது எழுதுவதுபோல் ஒரு நோட்டில் எழுதித் தருவேன்: "இட்லி ஒன்றரை. தண்ணீர் அரை டம்ளர். சிறுநீர் நான்கு முறை, நிறம் இயல்பு. மூக்கில் லேசாகச் சளி, கவனிக்கவும்." அவர் திருப்பித் தரும்போது ஒரே வரி இருக்கும்: "மெஷின் ஓடுது. பிரேக்டவுன் இல்லை."

மேடத்தின் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை அறைக்குள் வந்ததும் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா மடியில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது, எதைப் பார்க்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அம்மாவிடம் கேட்க வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அதன் பிறகுதான் கை. காதும் தொண்டையும் கடைசி, ஏனென்றால் அவற்றில் கை வைத்தால் அழுகைதான், பிறகு எதையும் எண்ண முடியாது. யார் குழந்தையை அழவைத்தாலும், அது தானாகச் சிரிக்கும்வரை அவரே தூக்கி வைத்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வேண்டும். என்னோடு படித்த ஒருத்தி ஒருநாள் முழுக்க நடந்தாள்.

மேடம் திட்டவே மாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரி. அப்புறம்?" என்பார். நாம் இன்னும் கொஞ்சம் சொல்வோம். "சரி. அப்புறம்?" மூன்றாவது அப்புறத்தில் நம் தவறு நம் வாயிலிருந்தே வந்துவிடும். திட்டு வாங்கியிருந்தால் பரவாயில்லையே என்று தோன்றும். எழுத்து விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. நர்ஸ் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, கீழே எழுதியது படிக்கும்படி, பக்கத்தில் சரியானது, அருகே கையெழுத்து. "நீங்க என்ன நினைச்சீங்கன்னு அடுத்த டியூட்டிக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்" என்பார்.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய கிளினிக்கில் எனக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு அறை. டாக்டர் காலையில் ஒரு மணி நேரம் வருவார். மற்ற நேரம் நானும் ஆயா யசோதம்மாவும்தான். யசோதம்மா வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். தொழிற்சாலைக் குடும்பங்களில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் எடை முதல் ஆறு மாதத்தில் எப்படி ஏறுகிறது என்பது என் தலைப்பு. இதற்கு வேண்டியது ஒரு நோட்டு, ஒரு தராசு. தராசு என்றால் மேலே குழந்தையைப் படுக்க வைக்கத் தட்டு, முன்னால் முள் சுற்றும் வட்ட முகப்பு, பின்னால் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திருகு. இவ்வளவுதான்.

மார்கழி மாத ஓசூரில் அந்த எவர்சில்வர் தட்டு பனிக்கட்டியாக இருக்கும். குழந்தையை வைத்தவுடன் கத்தும், முள் ஆடும், எடை தெரியாது, தாய் முறைப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நவீனின் பூப்போட்ட கம்பளித் துணியை நான்காக மடித்துத் தட்டில் விரித்தேன். துணியின் எடை முந்நூறு கிராம். துணியோடு சேர்த்துத் திருகைத் திருகி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டேன். குழந்தைகள் அழுகையை நிறுத்தின. ஒன்றிரண்டு தூங்கவே செய்தன. புதன்கிழமை மேடம் பார்வையிட வந்தபோது பெருமையோடு காட்டினேன்.

"துணிக்கும் சேர்த்துப் பூஜ்யம் பண்ணிட்டேன், மேடம்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த அப்புறத்துக்கு விடை தேட எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்தில் வந்தவள்தான் சாந்தி. உத்தனப்பள்ளிப் பெண், இருபத்திரண்டு வயது, முதல் குழந்தை. கணவர் பேச்சிமுத்து திருநெல்வேலிக்காரர், வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். குழந்தை ஹரிணி இரண்டு மாதத்தில் நான்கு கிலோ அறுநூறு இருந்தாள். இரண்டு வாரம் கழித்து வந்தபோது நான்கு அறுநூற்று ஐம்பது. இரண்டு வாரத்தில் ஐம்பது கிராம். புத்தகப்படி முந்நூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். மறுபடி நிறுத்தேன். மறுபடியும் அதேதான். அன்று தட்டில் துணி இல்லை, செய்தித்தாள் போட்டிருந்தது. அதனால் சந்தேகப்பட்டு, குழந்தையை எடுத்துவிட்டு முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்தில்தான் நின்றது. யசோதம்மா திருகைச் சரிசெய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை, மூன்று முறை பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"எம் பாலு பத்தலீங்களா, சிஸ்டர்?" என்று சாந்தி கேட்டாள்.

"அப்படிச் சொல்லல. எடை ஏறல."

"உங்க கொழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இந்த இடத்தில் ஒரு நர்ஸ் சொல்ல வேண்டியது புத்தகத்தில் இருக்கிறது. அம்மாவிடம் கேள், பால் குடிப்பதைப் பார், ஒரு வாரம் கழித்து வரச் சொல். ஆனால் அவள் கேட்டது நர்ஸை அல்ல. பல்லுக்காக அவசர சிகிச்சைக்கு ஓடிய அம்மாவைக் கேட்டாள். அந்த அம்மா சட்டென்று வாயைத் திறந்தாள்.

"என் குழந்தையா இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நானும் நல்ல அறிவுரை சொன்ன திருப்தியில் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, காலையில் கிளினிக் திறந்தவுடன் பேச்சிமுத்து தனியாக வந்தார். கையில் ஒரு கோப்பு.

"சிஸ்டர், நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காதிய. உங்க மெஷின் தப்பாக் காட்டுது."

"முதல்ல உட்காருங்க. ஹரிணி எங்க?"

"அவளும் அவ அம்மாவும் உத்தனப்பள்ளிக்குப் போயி எட்டு நாளாச்சு. சும்மா இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியளாம். சாந்தி அம்மா வீட்டுல மாடு நிக்கி. பாட்டில் பாலு ஆரம்பிச்சாச்சு."

பிறகு கோப்பைத் திறந்தார். அவர் தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் புள்ளி வைத்து வரைபடம் போடுவார்களாம். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் உற்பத்தி ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஹரிணி பிறந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை ஈரத் துணி என்று அவர் அதே தாளில் புள்ளி வைத்திருந்தார். பத்து, பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

"உள்ள போகாம வெளிய எப்படி சிஸ்டர் வரும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் தாய்ப்பால் போதும் என்று பொருள். முதல் வருடப் பாடம். நானே தாய்மார்களுக்குச் சொல்லித் தருவது. சாந்தியிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை. பார், கேள், எண்ணு, அதன் பிறகுதான் கருவி என்று மேடம் சொன்ன வரிசையில் நான் நேரே கடைசிக்குப் போயிருந்தேன்.

பேச்சிமுத்து எழுந்து தராசின் முன் குனிந்தார். அன்றும் தட்டில் துணி இல்லை. முள் பூஜ்யத்தில் இருந்தது. தன் பைக் சாவிக் கொத்தைத் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை. என் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி வைத்தார். அசையவில்லை. அறையில் வேறு எதுவும் கிடைக்காமல், கால் செருப்பைக் கழற்றப் போனவரை நான் தடுத்தேன்.

"பாத்தியளா? இந்த முள்ளு பூஜ்யத்துல நிக்கல, சிஸ்டர். ஆணியில சாஞ்சிக்கிட்டு நிக்கி."

முள் பின்னால் போகாமலிருக்கப் பூஜ்யத்தை ஒட்டி ஒரு குட்டி ஆணி இருந்தது. துணியோடு பூஜ்யம் செய்த தராசிலிருந்து துணியை எடுத்தால், முள் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். போக விடாமல் ஆணி பிடித்துக்கொண்டது. எனவே முள் பார்வைக்குப் பூஜ்யம். உண்மையில் முந்நூறு கிராம் குறைவு. துணி இருந்தாலும் பூஜ்யம், இல்லாவிட்டாலும் பூஜ்யம். நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

மறுநாள் அவர் வெல்வெட் துணி சுற்றிய ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பளபளவென்று ஐந்து கிலோ எடைக்கல். தொழிற்சாலைத் தராசுகளைச் சோதிக்க வைத்திருப்பது; கையுறை போட்டுத்தான் தொட்டார்.

"கேட் பாஸ் போட்டு எடுத்துட்டு வந்தேன். பதினோரு மணிக்குள்ள திரும்பணும்."

கேட் பாஸை எட்டிப் பார்த்தேன். வெளியே எடுத்துச் செல்லும் காரணம் என்ற இடத்தில் "மகள்" என்று எழுதியிருந்தது. கீழே மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று தட்டில் துணி இருந்தது. ஐந்து கிலோவுக்கு முள் சரியாக ஐந்து காட்டியது. துணியை உருவினார். நான்கு எழுநூறு. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் தாளில் இரண்டையும் குறித்துக்கொண்டு, "நம்ம லைன்லகூட இப்படி ஆயிருக்கு, சிஸ்டர். ஒரு லாட்டு சரக்கு பூரா திரும்பி வந்துச்சு" என்று ஆறுதல் சொன்னார். என் லாட்டு என்பது நோட்டு நிறையக் குழந்தைகள். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. கொடுக்காவிட்டால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப் போகும்.

அன்று புதன்கிழமை. மேடம் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சரி. அப்புறம்?"

"துணி இல்லாத நாள்ல நிறுத்ததெல்லாம் முந்நூறு குறைவு, மேடம்."

"சரி. அப்புறம்?"

"எந்தெந்த நாள் துணி இல்லன்னு எனக்குத் தெரியாது, மேடம்." இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த யசோதம்மா நிமிர்ந்தார். "துணி இல்லாத நாளா? துவைச்ச நாளுதானே? அதுக்கா அழுவுற? தண்ணி வந்த அன்னிக்கி துவைப்பேன், மறுநாளு காய்ஞ்சிடும்."

"தண்ணி என்னிக்கு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?" என்று சமையல் மூலைக்குப் போய் ஆணியில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து வந்தார். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நாளிலெல்லாம் யசோதம்மா அந்தத் தேதியில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கும் ஒரு பொட்டுகூட விடவில்லை. சாந்தி இரண்டாவது முறை வந்த தேதியில் பெரிய பொட்டு இருந்தது.

மேடம் நாட்காட்டியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "என் கிட்ட படிச்ச யாரும் இவ்வளவு ஒழுங்கா ரெக்கார்டு வெச்சதில்ல" என்றார். யசோதம்மாவுக்கு அது பாராட்டு என்று தெரிந்தது. எனக்கு அது வேறு எதுவோ என்று தெரிந்தது.

"பொட்டு வெச்ச நாளுக்கெல்லாம் முந்நூறைக் கூட்டிப் போட்டுடலாமா, மேடம்?" என்று ஆசையோடு கேட்டேன்.

"நோட்டுல கூட்டிக்கலாம். எடை குறைவுன்னு நீங்க சொல்லி அனுப்பின அம்மாக்கள் கிட்ட யாரு போய்க் கூட்டுவாங்க?"

அதற்கு அவர் அப்புறம் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

பொட்டு நாட்களின் தாய்மார்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். அவர்களை மூன்று நாளில் பார்த்து முடித்தோம். நல்லவேளையாக யாரும் என் பேச்சை மதித்து எதையும் மாற்றியிருக்கவில்லை. வருத்தப்பட வேண்டிய அந்த விஷயத்துக்கு அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன். என் பேச்சைக் கேட்டவள் சாந்தி ஒருத்திதான்.

தராசைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ராயக்கோட்டைப் பேருந்தில் ஏறினேன். மேடம் உடன் வர மறுத்துவிட்டார். "தப்பு சொல்லப் போறதுக்குத் துணை எதுக்கு?" என்றார். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் கூடையில் சேவலோடு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா அது?"

"குழந்தை நிறுக்கற தராசுங்க."

"கரெக்டாக் காட்டுமா?"

வாழ்க்கையில் அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. "இப்போ காட்டும்" என்றேன்.

"அப்ப இத ஒருவாட்டி வெச்சுப் பாரேன். சந்தையில ரெண்டரைன்னான் பாவி."

சூளகிரிச் சாலை பிரியும் இடம்வரை பேருந்தின் பின்பாதி எழுந்து நின்று சேவல் நிறுப்பதைப் பார்த்தது. சேவல் மூன்று கிலோ. "நான் சொன்னன்ல!" என்று அந்த அம்மாள் பேருந்து முழுக்கக் கேட்கச் சொன்னார். நடத்துநர் தன் தோல் பையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். நவீனின் கம்பளித் துணியில் இரண்டு இறகு ஒட்டிக்கொண்டது. உத்தனப்பள்ளியில் இறங்கும்போது, "நல்ல மெஷின்மா, பத்திரமா வெச்சுக்க" என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

சாந்தி வீட்டு வாசலில் தராசை இறக்கி வைத்ததும் என் கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது. பார்த்தேன். ஹரிணி பாயில் கிடந்தாள். விளையாடிக்கொண்டிருந்தாள், ஆனால் முன்னைவிடச் சோர்வு. பக்கத்தில் பால் பாட்டில். கேட்டேன். இரண்டு நாளாகப் பேதி. நேற்று ஏழு முறை. ஈரத் துணி குறைந்திருக்கிறது. எண்ணினேன். மூச்சு ஒழுங்கு. தொட்டேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே திரும்புகிறது; நாக்கு ஈரம்; இயல்பாகக் குடிக்கிறாள். நீர்ச்சத்து இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைசியாகத் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ.

"சாந்தி, உன் பால் போதுமா இருந்துச்சு. அன்னிக்கு என் தராசு தப்பு. நானும் தப்பு."

அவள் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மாமியார் பாலு பத்தலன்னு சொன்னப்ப நான் அழுவல. பக்கத்து வூட்டுக்காரி சொன்னப்பவும் அழுவல. நீங்க சொன்னீங்க பாருங்க, அன்னிக்கிதான் அழுதன். படிச்சவங்க சொல்றாங்களேன்னுதான் பாட்டில எடுத்தன். இப்ப எம் மாரு வத்திப் போச்சு. மெஷினு தப்புன்றீங்க."

நான் பால் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"சரி, இப்ப சொல்லுங்க. உங்க கொழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலம்மா" என்றேன். "என் குழந்தையா இருந்தா நான் இந்நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்து அழுதுட்டு இருப்பேன். பல்லுக்கே அப்படித்தான் பண்ணினேன். யாராச்சும் வந்து என்னை எழுப்பி, இப்படிப் பண்ணுன்னு சொல்லணும்."

"பல்லுக்கா?"

"பல்லுக்கு."

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. "அப்ப நாந்தான் பரவால்ல" என்றாள்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினோம். உப்பு சர்க்கரைக் கரைசலை ஒரு லிட்டர் அளந்து கலக்கி, பாட்டில் இல்லாமல் கரண்டியால் கொடுத்தோம். பால் வற்றவில்லை, குறைந்துதான் இருக்கிறது என்று காட்டினேன். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் விடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவள் கேட்காவிட்டாலும் விடு. பத்தாத மிச்சத்துக்கு மட்டும் வெளிப்பாலைக் கிண்ணத்தில் கொடு, நாளுக்கு நாள் கிண்ணத்தைக் குறை. பேதி நிற்காவிட்டால், குழந்தை குடிக்க மறுத்தால், என்னை எதிர்பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. மாடு கட்டியிருந்த அவள் அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். மூன்று நாளில் பேதி நின்றது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பேருந்தில் போனேன். சேவல் அம்மாள் எனக்கு இடம் போட்டு வைப்பார். இரண்டாவது வாரக் கடைசியில் கிண்ணம் தேவைப்படவில்லை. பேச்சிமுத்துவின் தாளில் புள்ளிகள் மறுபடி பன்னிரண்டுக்கு ஏறின.

ஆய்வேடு அந்த முறை போகவில்லை. பொட்டு வைத்த நாளின் எடைகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் புது எடை, கையெழுத்து. என் பெயரை அத்தனை முறை நான் கல்யாணப் பதிவிலோ வங்கியிலோகூட எழுதியதில்லை. ஆறு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் என் ஆய்வின் முடிவுகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, "யசோதம்மா எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார். நான் பொட்டுக் கதையைச் சொன்னேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

பட்டம் வாங்கி அதே கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது பேச்சிமுத்து முதல் காரியமாக அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார். தராசின் பின்னால் தொழிற்சாலையில் ஒட்டுவதுபோல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: சோதித்த தேதி, அடுத்த தேதி, கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட் பாஸோடு வருவார். ஹரிணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் வருகிறார். காரணம் என்ற இடத்தில் இப்போதும் "மகள்" என்றுதான் எழுதுகிறார். திவ்யா கேட்ட ஸ்டிக்கர்கள் அவைதான்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறாராம். "வேணும்னா நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கக்கா, மேனேஜர் சரின்னுட்டாரு" என்கிறாள் திவ்யா. என் மகளுக்கு ஐந்து மாதம். இதை எழுதும் இந்த நிமிடம்வரை ஈரத் துணி ஏழு. அது போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தராசு வீட்டுக்கு வந்தால், காலையில் ஒருமுறை, பால் கொடுக்கும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று வைத்து வைத்துப் பார்ப்பேன் என்பதும் தெரியும். பத்து கிராம் குறைந்தால் என்ன செய்வேன் என்பது மட்டும் தெரியாது. என் கணவர், "தராசு உள்ளே வந்தா நான் நிரந்தரமா ராத்திரி சி ஷிஃப்ட் கேட்டு வாங்கிடுவேன்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால், சேவலுக்கும் சரியாகக் காட்டிய தராசை உடைத்து உருக்கிவிடுவார்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இத்தனை வருடம் நான் அடுத்தவர்களுக்குச் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன். இதைப் படிக்கும் அம்மாக்களே, சிஸ்டர்களே, உங்கள் குழந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்து வரட்டுமா, விட்டுவிடட்டுமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.